கடைக் கட்டில் நுழையாத அறைகள்

கேள்வி: டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து எழுதுகிறேன். வயது 31. அப்பா தோட்டத்து ஆசாரி. நான் மொரட்டுவையில் ஒரு பட்டறையில் 7 வருடம் வேலை செய்துவிட்டு, 2 வருடத்துக்கு முன்னால் ஊர் திரும்பினேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்துப் பட்டறை போட்டிருக்கிறேன். கட்டில், அலுமாரி, மேசை, கதிரை எதுவானாலும் கேட்கிற அளவில் கையால் செய்து கொடுப்பேன். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு ஓடர் வந்தாலே பெரிய விஷயம். பேஸ்புக்கில் படம் போட்டால் 200 லைக் விழுகிறது. விலை கேட்கிறார்கள், சொன்னதும் ஆளைக் காணோம். 'ஹட்டன் டவுனில் மெலமைன் அலுமாரி தவணைக்குக் கிடைக்கிறது, உன்னிடம் எதற்கு வரணும்' என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். டவுனில் கடை ஒன்று வாடகைக்கு எடுக்கலாமா? வாங்குகிற ஆட்களை எங்கே தேடுவது?

பதில்:

தம்பி, கடை வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடை எடுத்தால் அதை நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு யாரும் கேட்காத பத்துப் பதினைந்து சாமான்களைச் செய்து அடுக்க வேண்டும். அடுக்கிய அன்றைக்கே நீங்களும் ஒரு ரெடிமேட் கடைக்காரர் ஆகிவிடுவீர்கள். பக்கத்துக் கடையில் மெலமைன் பலகையில் செய்து கண்ணாடி ஒட்டிய அலுமாரி நிற்கும், தவணை அட்டையும் அங்கேயே எழுதித் தருவார்கள். அந்த ஆட்டத்தில் உங்களுக்கு ஜெயிப்பு இல்லை. மொரட்டுவைப் பட்டறைகளோடும் அப்படித்தான். ஒரே அச்சில் நூறு கட்டில் இறங்குவதை நீங்கள் அங்கே இருந்தே பார்த்திருப்பீர்கள்.

அப்படியென்றால் உங்கள் ஆள் யார்? கடைச் சாமான் பொருந்தாத இடம் ஒன்றைத் தன் வீட்டிலோ ஹோட்டலிலோ வைத்துக்கொண்டு தினமும் முட்டிக்கொள்கிறவர். உங்களிடம் இருப்பது 'எந்த அளவிலும் செய்வேன்' என்ற வசதி ஒன்றுதான். அளவு பிரச்சினை இல்லாதவருக்கு அது தேவைப்படாது. அவர் டவுனிலேயே வாங்கட்டும், நல்லபடி பாவிக்கட்டும்.

இது எனக்கும் சீக்கிரம் புரியவில்லை. பண்டாரவளையில் 24 வருடம் பட்டறை நடத்தினேன். முதல் 5 வருடம் உங்களைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். ஒருநாள் எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குக் கதவுப் பூட்டு மாட்டித் தரப் போனேன். மூன்றாம் அறை திறந்திருந்தது. சாய்ந்த கூரை, ஒரு பக்கம் ஆள் நிமிர முடியாது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பெரிய சூட்கேஸைக் கட்டில் மேலேயே விரித்து வைத்துத் துணி தேடிக்கொண்டிருந்தாள். தரையில் வைக்க இடம் இருக்கத்தான் செய்தது. ஆனால் தரை ஈரம். வெள்ளை விரிப்பில் சூட்கேஸ் சக்கரத்தின் சேறு இரண்டு கோடாக இழுத்திருந்தது. வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். 'தினமும் இதுதான் பாஸ், சலவைக் காசே தனி' என்றார். (ஆசாரியைப் பாஸ் என்று கூப்பிடுவது இங்கே வழக்கம்.)

பூட்டை மாட்டிவிட்டு அந்த மூலையை அளந்தேன். கூரை இறங்கி வருகிற அந்தப் பக்கத்தில் கடையில் விற்கிற எதுவும் நிற்காது. 18 அங்குல உயரத்தில், மேலே சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு, கீழே சப்பாத்து வைக்க ஒரு தட்டோடு ஒரு சின்ன பெஞ்ச் செய்து கொண்டுபோய் வைத்தேன். காசு கேட்கவில்லை. 'ஒரு கிழமை இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மீதி 5 அறைக்கும் ஓடர் வந்தது. அந்த அம்மாவின் தங்கச்சி அப்புத்தளையில் அறை வாடகைக்கு விடுகிறவர். அங்கே இருந்து 4. பிறகு அந்த மூலைக்கு ஏற்ற அலுமாரி, அதன் பிறகு சாப்பாட்டு மேசை. பெரிய வேலையெல்லாம் அந்தச் சின்ன பெஞ்சின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது.

நீங்கள் எல்லவுக்குப் போக வேண்டாம். உங்கள் ஊரில் இருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக, சிவனொளிபாதமலை அடிவாரத்தில் இருக்கிற நல்லதண்ணிக்குப் போகிற பாதையிலேயே வேலை கிடக்கிறது. சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமிக்குத் தொடங்கி மே மாத வெசாக் வரை. அந்த ஆறு மாதத்துக்குத்தான் நல்லதண்ணி லொட்ஜ்கள் உயிர்பெறும். சீசனில் போய் மேசை செய்யட்டுமா என்று கேட்டால் நின்று பேச ஒருவருக்கும் நேரம் இருக்காது. அக்டோபர் கடைசியில் போங்கள். பெயின்ட் அடித்துக்கொண்டும் மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டும் இருப்பார்கள். அப்போது 'இந்த அறையில் என்ன தொல்லை?' என்று கேட்டால் வாய் திறந்து சொல்வார்கள். காசல்ரி நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருக்கும் பங்களாக்களுக்கும் இப்படிக் காலம் பார்த்துப் போகலாம். நுவரெலியா ஆட்களுக்கு ஏப்ரல் சீசன்தான் திருவிழா. அங்கே ஜனவரியிலேயே முகம் காட்ட வேண்டும், ஏனென்றால் மார்ச்சில் கேட்டால் உங்களால்தான் செய்து முடிக்க முடியாது.

போகும்போது ஆல்பம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அளவு டேப், கட்டம் போட்ட கொப்பி, பென்சில் போதும். மொரட்டுவையில் 7 வருடம் இருந்தவருக்குச் சிங்களம் சரளமாக வரும் என்று நம்புகிறேன். அது உங்களுக்கு இரண்டாவது உளி. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையை அளந்து, கோட்டுப்படம் போட்டு, பக்கத்தில் அளவு எழுதி, தாளைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். ஆள் நின்ற இடத்திலேயே தன் அறையைப் படமாகப் பார்க்கிறார். அப்புறம் அவர் வேறு பாஸிடம் போய் அதே படத்தைக் காட்டி விலை கேட்கலாம். கேட்கட்டும். நான் கொடுத்த படங்களில் பாதிக்கு மேல் வேலையாகத் திரும்பி வந்திருக்கிறது.

இனி அந்த 200 லைக். விலை கேட்டுவிட்டு ஓடுகிறவர்களை நினைத்து விலையைக் குறைக்காதீர்கள். ஒரு பேச்சுக்கு 4 அடி எழுத்து மேசை ஒன்றைக் கணக்குப் போடுவோம். மரம் 20,000. ஒரு நாள் கூலி 4,000 என்று வைத்தால் 5 நாளைக்கு 20,000. பொலிஷ், பசை, ஆணி 5,000. கரண்ட், வாள் தீட்டுவது 2,000. லொறி 4,000. அடக்கமே 51,000 ஆகிவிட்டது. அதன் மேல் பட்டறைக்கென்று கொஞ்சம் வைத்தால் 60,000. நீங்கள் பயந்துபோய் 35,000 சொல்லியிருப்பீர்கள், அப்படியும் ஆள் ஓடியிருப்பார். ஏனென்றால் அவர் மனதில் இருப்பது கடையில் பார்த்த மேசை. 35,000 சொன்னாலும் 60,000 சொன்னாலும் அவர் கணக்கில் நீங்கள் விலை கூடியவர்தான். வித்தியாசம் என்னவென்றால், தப்பித்தவறி அவர் 35,000-க்குச் சம்மதித்துவிட்டால் உங்கள் கூலி போயிற்று.

அதனால் 'விலை எவ்வளவு?' என்று வட்ஸ்அப்பில் வந்தால் நேராக எண்ணைச் சொல்லாதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம். 'இந்த மாதிரி வேலை 50,000-இல் இருந்து 70,000 வரை போகும். எந்த இடத்துக்கு வேண்டும், அந்த இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா?' என்று எழுதுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் அதோடு நிற்பார்கள். படம் அனுப்புகிற இரண்டு பேர்தான் உங்கள் ஆட்கள். அவர்களுக்கு நேரம் செலவழியுங்கள். போடுகிற படமும் மாற வேண்டும். பட்டறையில் தகரச் சுவர் முன்னால் நிறுத்தி எடுத்த அலுமாரி யாருக்கும் எதுவும் சொல்லாது. முதலில் வெற்று மூலை, அடுத்து அதே மூலையில் உங்கள் சாமான், இரண்டையும் ஒரே இடத்தில் நின்று, காலை வெளிச்சத்தில் எடுங்கள். பார்க்கிறவர் உடனே தன் வீட்டு மூலையை நினைப்பார். கூகுள் வரைபடத்தில் பட்டறையைப் பதிந்து வையுங்கள். கொழும்பில் இருந்து பங்களா திருத்த வருகிறவர்கள் ஊர்ப் பெயரோடு 'மர வேலை' என்று போட்டுத்தான் தேடுகிறார்கள்.

மரத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். உங்களிடம் இருக்கிற நல்ல கதையே அதுதானே. தேயிலைக்கு நிழலாக நட்ட கிரவிலியா, நம் ஆட்கள் பேச்சில் சவுக்கு மரம், எல்லாத் தோட்டத்திலும் நிற்கிறது. விறகுக்கும் கூரைச் சட்டத்துக்கும்தான் ஆகும் என்று நாமே மதிப்பதில்லை. அது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். அங்கே பட்டு ஓக் என்று பெயர் வைத்து வீட்டுச் சாமான் செய்திருக்கிறார்கள். மரக்காலையில் சொல்லி, நடு வைரத்தில் இருந்து பட்டையை நோக்கிப் போகிற வாக்கில் ஒரு பலகை அறுத்து வாங்குங்கள். இழைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பலகை முழுக்க மீன் செதில் மாதிரிப் புள்ளி புள்ளியாக மினுங்கும். பக்கத்தில் மஹோகனியை வைத்தால் அது தூங்குவது போல இருக்கும். 'இந்தக் கட்டிலின் தலைப்பலகை இதோ ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தேயிலைக்கு நிழல் கொடுத்த மரம்' என்று ஒரு ஹோட்டல்காரர் தன் விருந்தாளிக்குச் சொல்ல முடிந்தால், அந்தக் கட்டிலை மொரட்டுவையில் இருந்து அவர் வாங்கமாட்டார். ஆனால் இரண்டு எச்சரிக்கை. மழை படும் இடத்துக்கு அது ஆகாது, பூச்சியும் ஏறும். போரான் மருந்தில் ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதன் தூள் சிலருக்கு மேலெல்லாம் அரிப்பைக் கொடுக்கும், மூக்கையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள்.

எந்த மரமானாலும் கடுதாசி இல்லாமல் வாங்காதீர்கள். 'தோட்டத்தில் விழுந்த மரம்தான், இருட்டினதும் கொண்டுவந்து போடுகிறேன்' என்று யாராவது வருவார்கள், மலிவாகத்தான் இருக்கும். பலா மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 1951-இலேயே சட்டம் இருக்கிறது, ஈரப்பலாவுக்கும் அப்படித்தான். மற்றவற்றுக்கும் எதற்கு ஏற்றியிறக்கும் பெர்மிட் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று வனத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினால் பில்லைக் கோப்பில் போடுங்கள். நல்ல ஹோட்டல்கள் இப்போது மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றன. பில்லை எடுத்து நீட்டுகிற பாஸுக்கு மதிப்பே வேறு.

ஈரம். இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு மாடி வீட்டுக்கு 6 அடி சாப்பாட்டு மேசை செய்து அனுப்பினேன். மேற்பலகை 36 அங்குல அகலம், ஒட்டே தெரியாத வேலை. கண்ணாடி மாதிரிப் பொலிஷ். மூன்றாம் மாதம் போன் வந்தது, நடுவில் வெடித்துவிட்டது என்று. போய்ப் பார்த்தால் கத்தி வைக்கிற அளவு பிளவு. அந்த வீட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை, பிளவின் மேல் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார். அதுதான் எனக்கு உறைத்தது. தப்பு என்னுடையது. நம் பக்க மழை மாதத்தில் கொட்டகைப் பலகை 18 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்குவதே கஷ்டம். ஏசி அறைக்குள் அது 10 பக்கம் போய்விடும். அந்த அகலத்துக்கு அரை அங்குலம் சுருங்கும். நானோ சுற்றிவர ஸ்குரூ போட்டு இறுக்கி வைத்திருந்தேன். பலகை எங்கே போகும்? வெடித்தது. வேறு மேசை செய்து, என் செலவில் லொறி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றில் இருந்து மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்குவதில்லை. அடியில் சின்ன மரக்கட்டைகள் நாக்கு மாதிரிச் சட்டத்துக் காடிக்குள் போய்ப் பிடித்திருக்கும், பலகை தன் பாட்டுக்கு நகரும். உங்கள் பக்கத்தில் மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை விடாது. அதனால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பலகை வாங்கி, நடுவில் சின்னச் சட்டம் வைத்துக் காற்றுப் போக அடுக்குங்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அலுமாரியின் விலை வராது.

ஈரத்தையே வியாபாரமாகவும் ஆக்கலாம். ஜூன் மழையில் எந்த மர லாச்சியும் (இழுப்பறையும்) கொஞ்சம் இறுகும். கடையில் வாங்கியவர் காலை முட்டுக்கொடுத்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீங்கள் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்: 'முதல் மழைக்காலத்தில் லாச்சி இறுகினால் வந்து இழைத்துத் தருகிறேன், காசு இல்லை.' அரை மணி நேர வேலை. ஆனால் அப்படிப் போய் இழைப்புளி பிடித்த வீட்டில் இருந்து அடுத்த ஓடர் இல்லாமல் நான் திரும்பியது குறைவு. மொரட்டுவைக்காரர் அங்கிருந்து ஏறி வந்து இதைச் செய்ய முடியுமா?

சொந்த ஜனங்களைப் பற்றி. அவர்கள் மெலமைன் வாங்குவதில் கோபப்பட ஒன்றும் இல்லை. சீதனத்துக்கு அலுமாரியும் கட்டிலும் டிரெஸிங் டேபிளும் சேர்ந்து வேண்டும், கையில் காசு சேர்ந்து இல்லை, தவணை இருக்கிறது. ஆனால் 10 அடிக்கு 12 அடி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள். இந்திய உதவியில் கட்டிய தனி வீடுகள்கூட 550 சதுர அடிதான். அங்கே கடைக் கட்டிலைப் போட்டால் நடக்க வழி இருக்காது. அடியில் இழுப்புப் பெட்டி வைத்த கட்டில், சுவரில் மடிந்துகொள்கிற படிப்பு மேசை, சாமித் தட்டுக்குக் கீழே பிள்ளைகளின் புத்தகத் தட்டு: இவை கடையில் இல்லை. விலை கூடிய மரம் வேண்டாம், மலைவேம்போ அல்பீசியாவோ போதும். மாதத்தில் ஒன்றிரண்டு இப்படிச் செய்யுங்கள். கடனுக்கு மட்டும் வேண்டாம். ஊருக்குள் சீட்டுப் பிடித்து, சீட்டு எடுக்கிறவருக்குச் சாமான் என்று வைத்தால் நடக்கும். கடன் கொடுத்தால் காசும் போகும், கல்யாண வீட்டுக்குப் போகிற வழியும் அடைபடும்.

கோயில் வேலை, பள்ளிக்கூட பெஞ்ச், மொன்டிசூரிக் கதிரை எல்லாம் வரும். மொன்டிசூரி நல்லது, அளவு சின்னது, எண்ணிக்கை கூட. கோயில் கமிட்டி 'சாமி காரியம் தம்பி' என்று தொடங்கும்போதே முற்பணத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். சாமி கேட்டால் தானமாகச் செய்யுங்கள்; கமிட்டி கேட்டால் பில் போடுங்கள்.

பணம் வாங்குகிற ஒழுங்கு: ஓடருக்குப் பாதி, சாமான் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் மீதியில் பெரும்பங்கு, பொருத்திய பிறகு கடைசிப் பத்து சதவீதம். கோட்டுப்படத்தில் அளவு, மரம், பொலிஷ், திகதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. நான் ஒரு ஹோட்டலுக்கு 12 கதிரை கொடுத்துவிட்டு மீதிக் காசுக்கு 14 மாதம் நடந்தேன். ஒவ்வொரு முறையும் அதே கதிரையில் என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கதிரை வசதியாகத்தான் இருந்தது.

பெரிய சாமானைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்யப் பழகுங்கள். கழுந்தும் துளையுமாகக் கோத்த மூட்டு உங்களுக்குக் கை வந்ததுதான். ஆனால் பக்கச் சட்டங்களை மட்டும் போல்ட்டில் வையுங்கள். நம் ஊரில் லொறி நிற்கிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் நாற்பது படி இருக்கும். அளக்கப் போகிற அன்றைக்கே படி, வளைவு, கதவு அகலம் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள்.

பதிவு விஷயம் சுருக்கமாக. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறங்கள். ஹோட்டல் காசோலை அப்போதுதான் சுலபமாக மாறும். நைட்டா என்கிற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்துக்குப் போய், அனுபவத்தை வைத்தே தொழில் தகைமைச் சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு நிற்கலாம். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வீட்டு ஓடருக்கு அது தேவையில்லை, கம்பனி ஓடருக்குக் கேட்பார்கள்.

கடைக்கு ஒதுக்கி வைத்த காசு கையில் இருக்குமே, அதில் ஒரு வேலை செய்யுங்கள். ஹட்டன் டவுனில் ஆட்கள் நெடுநேரம் காத்திருக்கிற இடம் ஒன்றைப் பாருங்கள். பல் டொக்டரின் முன்னறை ரொம்ப நல்லது. அந்தச் சுவருக்கு அளவெடுத்து, சவுக்கு மரத்தில் முதுகு சாய்கிற பெஞ்ச் ஒன்று செய்து அடக்க விலைக்குக் கொடுங்கள். முதுகுப் பலகையின் மேல் விளிம்பில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் சின்னதாகச் சுட்டுப் பதியுங்கள். பல் வலியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவர் வேறு எதைப் படிப்பார்?

பெஞ்ச் முடிந்ததும் அக்டோபரில் நல்லதண்ணிக்கு பஸ் ஏறுங்கள். சூட்கேஸ் பெஞ்சுக்கு 18 அங்குல உயரம், 26 அகலம், 16 ஆழம் என்று நான் வைத்தேன். சுவர்ப் பக்கம் இரண்டு அங்குலம் உயர்த்தி ஒரு சட்டம் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சூட்கேஸ் மூடி சுவரில் உரசிப் பெயின்ட் போகும், வீட்டுக்காரர் உங்களைத்தான் திட்டுவார்.